வாய்ஸ் அசிஸ்டன்ட் சொன்னதை மாற்றிக் கேட்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வீட்டு விளக்கு, ஃபேன், மோட்டார் போன்றவற்றை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் தமிழிலேயே கட்டளை கொடுக்கும் வீடுகளுக்கான குறிப்பு இது. அமேசான் எக்கோ, கூகுள் நெஸ்ட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி உண்டு. எடுத்துக்காட்டுச் சொற்கள் எல்லாம் மதுரைப் பேச்சில் இருக்கின்றன. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சொற்களைப் போட்டுக்கொள்ளலாம்.

தப்பாகக் கேட்பதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் ஒரே வீடு, ஒரே மைக், அதே நாலைந்து பேர் என்றால் தப்பும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும். “ஹால்” என்பதை இன்று “கால்” என்று எழுதினால் நாளைக்கும் அப்படித்தான் எழுதும். இதனால் எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வைக்க முடிகிறது. சாதனத்தின் பெயரில் வரும் பிழையைத் தாராளமாகப் பொறுக்கலாம். வினைச்சொல்லிலும் எண்ணிலும் கண்டிப்பு வேண்டும்.

முதலில்: எந்தக் கட்டத்தில் கெடுகிறது?

வேக் வேர்டை, அதாவது கருவியைக் கூப்பிடும் சொல்லைக் கேட்டு விழிப்பது, பேச்சை எழுத்தாக்குவது, எழுத்திலிருந்து கட்டளையைப் பிரிப்பது, சாதனத்தை இயக்குவது என்று நாலு கட்டம். செட்டிங்ஸில் வாய்ஸ் அசிஸ்டன்ட்ஸ் பக்கத்துக்குப் போய், உங்கள் அசிஸ்டன்டின் மூன்று புள்ளி மெனுவில் டீபக்கைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் எழுத்தாக வந்தது என்ன, அதை எந்தக் கட்டளையாக எடுத்துக்கொண்டது என்பது தெரியும். இதைப் பார்க்காமல் மைக்கை மாற்றுவதும் பேச்சை எழுத்தாக்கும் மாடலை மாற்றுவதும் வீண் செலவு.

அதோடு, கான்ஃபிகரேஷன் கோப்பில் அசிஸ்ட் பைப்லைன் பகுதியில் டீபக் ரெக்கார்டிங் டைரக்டரிக்கு ஷேர் ஃபோல்டருக்குள் ஒரு பாதை கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மைக்கில் விழுந்த ஒலி வேவ் கோப்பாகச் சேரும். ஹெட்போனில் கேளுங்கள். உங்கள் காதுக்கே விளங்கவில்லை என்றால் கோளாறு மைக்கிலோ அறையிலோ இருக்கிறது. காதுக்குத் தெளிவாக இருந்தும் எழுத்து தப்பாக வந்தால் கோளாறு மாடலில். எழுத்தும் சரியாக வந்து வேலை நடக்கவில்லை என்றால் வாக்கியப் பட்டியலில். ஒரு வாரம் ஓடவிட்டு, தப்பாக வந்த எழுத்தையெல்லாம் வந்தபடியே ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். கீழே சொல்வது பாதிக்கு மேல் அந்த ஷீட்டை வைத்துத்தான் நடக்கும்.

அறிகுறி: கூப்பிட்டால் விழிப்பதில்லை, அல்லது டிவிக்கு விழிக்கிறது

வேக் வேர்டைக் கவனிக்கும் ஓப்பன்வேக்வேர்டு மென்பொருளில் த்ரெஷோல்ட், அதாவது விழிப்பதற்கான எல்லை, 0.5 என்று இருக்கும். விழிக்கவில்லை என்றால் 0.4க்கு இறக்கலாம். சீரியல் ஓடும்போது தானாக விழித்தால் 0.6, 0.7 என்று ஏற்றலாம். ஹோம் அசிஸ்டன்டின் சொந்த மைக் கருவியான வாய்ஸ் பிரிவியூ எடிஷனில் எண் கிடையாது, வேக் வேர்ட் சென்சிட்டிவிட்டி என்று மூன்று படிகள் இருக்கும். இந்த மாடல்கள் பெரும்பாலும் கணினி உருவாக்கிய ஆங்கிலக் குரலில் பயிற்சி பெற்றவை. வீட்டில் வயதானவர் வாயில் எது சுலபமாக வருகிறதோ அந்த வேக் வேர்டைத் தேர்ந்தெடுங்கள். “ஓகே நபு” வராதவருக்கு “ஹே ஜார்விஸ்” வரலாம்.

மைக்கை வைக்கும் இடம்: சீலிங் ஃபேனின் காற்று நேரே விழும் மேசை ஆகாது, டிவி பக்கத்து ஸ்டாண்டும் ஆகாது. காற்று மைக் துளையில் மோதினால் கீழ்ச்சுருதி இரைச்சல் முழுப் பதிவையும் மூடிவிடும். மதுரை வெயிலுக்கு ஃபேனை அணைத்துவிட்டுப் பேசு என்று யாரிடமும் சொல்ல முடியாது. சுவரோரம், நெஞ்சுயரம், பேசுபவரிடமிருந்து இரண்டு மீட்டருக்குள் என்று வைத்தால் பெரும்பாலும் போதும். ஆடி மாசமும் சித்திரைத் திருவிழாவும் வந்து தெருவில் மைக்செட் கட்டிவிட்டால் எந்த த்ரெஷோல்டும் உதவாது. கருவியின் நடுப் பட்டனை அழுத்திவிட்டுக் கிட்டத்தில் நின்று பேசுவது ஒன்றே வழி.

அறிகுறி: பாதியிலேயே கேட்பதை நிறுத்திவிடுகிறது

டீபக்கில் “ஹால் லைட்ட” என்று மட்டும் நிற்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், துண்டிக்கும்போது போவது போடவா அணைக்கவா என்கிற முக்கியமான பாதிதான்.

கருவியின் பக்கத்தில் ஃபினிஷ்டு ஸ்பீக்கிங் டிடெக்ஷன் என்ற தேர்வு இருக்கும். டிஃபால்ட் என்பது 0.7 விநாடி மௌனம், அக்ரெசிவ் 0.25, ரிலாக்ஸ்டு 1.25. தமிழுக்கு ரிலாக்ஸ்டு வையுங்கள். பதில் அரை விநாடி தாமதமாகும், பரவாயில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பேசி முடித்த பிறகும் விளக்கு சுற்றிக்கொண்டே இருந்து, பதினைந்து விநாடி கழித்துத்தான் நிற்கும். ஃபேன் இரைச்சலைப் பேச்சு என்று எண்ணிக்கொள்கிறது என்று பொருள். ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை வைத்து நீங்களே கட்டிய மைக் என்றால் நாய்ஸ் சப்ரஷன் லெவலை 2 ஆக்குங்கள். 4 வரை ஏற்ற இடம் இருந்தாலும் ஏற்ற வேண்டாம், இரைச்சலோடு மெல்லிய பேச்சொலிகளும் போய்விடும். வாய்ஸ் பிரிவியூ எடிஷனில் எக்ஸ்மாஸ் சிப்பே இந்த வேலையைச் செய்கிறது, அங்கே கை வைக்காதீர்கள்.

அறிகுறி: எழுத்து மலையாளமாகவோ ஆங்கிலமாகவோ வருகிறது

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் ஆட்ஆனில் மொழி ஆட்டோவில் இருக்கிறது. தமிழ் என்று நிலையாக வையுங்கள். இரண்டு விநாடிக் கட்டளையை வைத்து மொழியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அது பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும்.

அறிகுறி: தமிழ்தான், ஆனால் சொற்கள் கன்னாபின்னா

மாடல் சிறியது. விஸ்பரில் டைனி 3.9 கோடி, பேஸ் 7.4 கோடி, ஸ்மால் 24.4 கோடி, மீடியம் 76.9 கோடி அளவுருக்கள் கொண்டவை. ஆங்கிலத்துக்கு பேஸ் போதும், தமிழுக்குப் போதாது. ஸ்மாலில் தொடங்கி, இயந்திரம் தாங்கினால் மீடியத்துக்குப் போங்கள். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் இருப்பதிலேயே சிறிய மாடலுக்கே ஒரு கட்டளைக்கு எட்டு விநாடி வரை ஆகும். பழைய இன்டெல் மினி பிசி ஒன்றைப் போடுவது நல்லது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்கன்ஃபார்மர் போன்ற, இந்திய மொழிகளுக்கென்றே பயிற்சி தந்த மாடல்களும் இருக்கின்றன. அவற்றை இணைக்கக் கொஞ்சம் பைத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

மாடலை மாற்றும் முன் இனிஷியல் பிராம்ப்ட் என்ற இடத்தை நிரப்பிப் பாருங்கள். அங்கே எழுதும் சொற்களின் பக்கம் மாடல் சாயும். “ஹால் லைட்ட போடு, அடுப்படி ஃபேன அமத்து, மோட்டார நிப்பாட்டு” என்று உங்கள் வீட்டுக் கட்டளைகளையே நாலைந்து எழுதுங்கள். அந்த இடம் 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தை நறுக்கிப் படிக்கும் துண்டுகள்) கொள்ளும். தமிழ் எழுத்து டோக்கனை ஏகமாகத் தின்னும், ஆகவே எல்லாச் சாதனப் பெயரையும் திணிக்காமல் அடிக்கடி சொதப்பும் பெயர்களை மட்டும் போடுங்கள்.

யாருமே பேசாதபோது “நன்றி வணக்கம்” போல ஏதாவது எழுத்து வந்தால் பேய் இல்லை. விஸ்பர் பயின்றது இணையத்தில் கிடைத்த ஒலியிலும் அதனோடு வந்த எழுத்திலும். மௌனத்தைக் கேட்டால் வீடியோ முடிவில் வரும் சொற்களை எழுதிவிடுவது அதன் பழக்கம். ஷீட்டில் அந்த வாக்கியங்களைக் கண்டுபிடித்து, வந்தால் எதுவும் செய்யாமல் விட வேண்டியவை என்று தனிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: எழுத்து சரி, ஆனாலும் “புரியவில்லை” என்கிறது

முதலில் அந்தச் சாதனம் எக்ஸ்போஸ் செய்யப்பட்டிருக்கிறதா, அதாவது குரல் கட்டளைக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

அடுத்து, மாற்றுப்பெயர். சாதனத்தின் செட்டிங்ஸிலும் அறையின் செட்டிங்ஸிலும் அலியாஸ் சேர்க்கலாம். வீட்டில் வழங்கும் பெயர், ஷீட்டில் உள்ள தப்பான எழுத்து இரண்டையுமே சேருங்கள். ஃபேனுக்கு: ஃபேன், ஃபேனு, பேன், பேனு, காத்தாடி. சமையலறைக்கு: கிச்சன், அடுப்படி, அடுப்பங்கரை. ஹாலுக்கு: ஹால், ஹாலு, கால், ஆல், பட்டாசாலை. மோட்டாருக்கு: மோட்டார், மோட்டர், மோட்டரு, மோட்டாரு. பேன் என்று எழுதுகிறதே என்று கூச்சப்பட வேண்டாம், அலியாஸ் பட்டியலை யாரும் படிக்கப் போவதில்லை.

பிறகு வாக்கியம். ஆட்டோமேஷனில் சென்டென்ஸ் ட்ரிகர் வைத்தாலும் சரி, கஸ்டம் சென்டென்சஸ் ஃபோல்டரில் கோப்பு எழுதினாலும் சரி, எழுதும் முறை ஒன்றுதான். வளைந்த அடைப்புக்குள் நெடுங்கோடு போட்டால் இவற்றில் ஏதாவது ஒன்று, சதுர அடைப்பு என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி:

[அந்த] (ஹால்|ஹாலு|கால்|ஆல்|பட்டாசாலை) (லைட்|லைட்டு|லைட்ட|லைட்டை|லைட்டைப்) (போடு|போட்டுரு|போட்டுடு|போட்டு விடு|போடுங்க|ஆன் பண்ணு|ஆன் செய்)

[அந்த] (ஹால்|ஹாலு|கால்|ஆல்|பட்டாசாலை) (லைட்|லைட்டு|லைட்ட|லைட்டை) (அணை|அணைச்சிரு|ஆனை|அனை|அமத்து|அமத்திரு|அமர்த்து|நிப்பாட்டு|ஆஃப் பண்ணு|ஆப் பண்ணு)

“லைட்டைப்” என்று ஒற்று மிகுந்த வடிவமும் வேண்டும். எழுத்துத் தமிழில் பயின்ற மாடல், நீங்கள் “லைட்ட” என்று சொன்னாலும் சில நேரம் இலக்கணம் திருத்திக் கொடுக்கும். அதே பழக்கத்தால் “அமத்து” என்பது “அமைத்து”, “அமர்ந்து” என்றும் வரலாம். ஷீட்டில் இருந்தால் சேருங்கள், இல்லாததைக் கற்பனை செய்து சேர்க்காதீர்கள். கேள்விக்குறி, முற்றுப்புள்ளி எதையும் டெம்ப்ளேட்டில் போட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொல் பொருந்தவில்லை என்றால் யூனிகோடு சிக்கல். “போ” என்பதை ப, ோ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், ப, ே, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகும். “ஔ” என்பதற்கு ஒ, ள என்று தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி காப்பாற்றாது, கையால் திருத்த வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய சொல்லில் கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் நீக்குங்கள்.

அறிகுறி: வேறு சாதனம் இயங்குகிறது, அல்லது போடச் சொன்னால் அணைகிறது

இருபது சாதனம் வரை மேலே சொன்ன பட்டியலே போதும். அதற்கு மேல் போனால் “கிட்டத்தட்டப் பொருந்தினால் சரி” என்கிற ஃபஸ்ஸி மேட்சிங் வைக்க ஆசை வரும். இரண்டு வாக்கியமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ராபிட்ஃபஸ் என்ற பைத்தான் நூலகம் 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகத் தரும். இதை முழு வாக்கியத்துக்கும் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது, அங்கேதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள்.

“ஹால் லைட் ஆன்” என்பது “கால் லைட் ஆன்” என்று வந்தால் ஒப்புமை 92. இதை ஏற்க வேண்டும். ஆனால் “ஹால் லைட் ஆன்”, “ஹால் லைட் ஆஃப்” இரண்டுக்கும் இடையே ஒப்புமை 89. ஏற்க வேண்டிய பிழைக்கும் நேர் எதிரான கட்டளைக்கும் நடுவில் மூன்றே மதிப்பெண். “மோட்டார் போடு”, “மோட்டார் போடாதே” இரண்டும் 86. எண்பது இருந்தால் போதும் என்று வைத்தால் போடாதே என்றதும் மோட்டார் ஓடத் தொடங்கும்.

இன்னொன்று: “அணை” என்பதை மாடல் “ஆனை” என்று எழுதுவது சகஜம். “ஆனை”க்கு “அணை”யோடு ஒப்புமை 33தான். “ஆன்” உடன் 67. ஃபஸ்ஸியிடம் விட்டால் அணைக்கச் சொன்ன விளக்கை எரிய வைக்கும். மேலே இரண்டாவது வாக்கியத்தில் “ஆனை”யைக் கையால் சேர்த்தது இதற்காகத்தான்.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது. எழுத்தை என்எஃப்சி ஆக்குங்கள். “போடாதே, போடாத, வேணாம், வேண்டாம்” இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த வேலையும் செய்யாமல் நிறுத்துங்கள். அதன் பிறகு கடைசிச் சொல்லை, “ஆன் பண்ணு” போன்றவற்றுக்குக் கடைசி இரண்டு சொல்லை, வினைப் பட்டியலோடு அச்சு அசலாகப் பொருத்துங்கள். பொருந்தவில்லை என்றால் ஊகிக்காமல் திருப்பிக் கேட்கட்டும். மீதியுள்ள பெயரை மட்டும் ஃபஸ்ஸிக்கு அனுப்புங்கள்.

அனுப்பும் முன் ஒலி மடிப்பு ஒன்று செய்தால் நல்ல பலன் கிடைக்கும். ஹ எல்லாம் க, ஃ நீக்கம், ழ ள இரண்டும் ல, ற என்பது ர, ண ந இரண்டும் ன, ஜ ஸ ஷ மூன்றும் ச. மதுரையில் ழகரம் ளகரமாவது இதில் அடங்கிவிடும். அகராதி முழுவதற்கும் இப்படிச் செய்தால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகும், ஆனால் நம் வீட்டில் முப்பது பெயர்தானே. பலன் என்ன என்றால்: வீட்டில் “ஹால் லைட்”, “கார் லைட்” இரண்டும் இருக்கின்றன, எழுத்து “கால் லைட்” என்று வருகிறது. மடிப்பு இல்லாமல் இரண்டுக்குமே 89, முடிவெடுக்க வழியில்லை. மடித்த பிறகு ஹால் 100, கார் 89.

மதிப்பெண் 85க்கு மேல் இருந்து, இரண்டாவதாக வந்த பெயரைவிட 10 கூடவும் இருந்தால் செய்யலாம். 70க்கு மேல், ஆனால் அந்த இரண்டு நிபந்தனையில் ஏதாவது ஒன்று நிறைவேறவில்லை என்றால் “ஹால் லைட்டா?” என்று கேட்க வேண்டும். அதற்குக் கீழே புரியவில்லை. இவை தொடங்கும் எண்கள்தான், உங்கள் ஷீட்டில் உள்ள பிழைகளை ஓட்டிப் பார்த்து நகர்த்துங்கள். திருப்பிக் கேட்பதற்கு ஹோம் அசிஸ்டன்டின் 2025 ஜூலைப் பதிப்பில் ஆஸ்க் க்வெஸ்சன் என்ற செயல் வந்திருக்கிறது. பதிலுக்கு “ஆமா, ஆமாம், ம், சரி” என்று பட்டியல் கொடுத்தால் போதும்.

இந்த நிரலை வைக்கும் இடம் பேச்சை எழுத்தாக்கும் சேவைக்கும் ஹோம் அசிஸ்டன்டுக்கும் நடுவில், ஹோம் அசிஸ்டன்டின் குரல் சேவைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வயோமிங் நெறிமுறையைப் பேசும் ஒரு சின்ன பைத்தான் சேவையாக. நிரல் எழுத மனமில்லாதவர்கள் வினைச்சொற்களை மாற்றினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ஆன், ஆஃப் இரண்டையும் விட்டு “போடு”, “அணை” என்று பழகினால் அந்த இரண்டு வாக்கியங்களின் ஒப்புமை 89இலிருந்து 74க்கு இறங்கும். மாடலுக்கும் அவை குழம்பாது.

பெரிய மொழி மாடலைப் பின்னணியில் வைத்து ஊகிக்கச் சொல்லலாம் என்பார்கள். வைத்தால், முதலில் உள்ளூரிலேயே கட்டளையைப் பார்க்கும் தேர்வை ஆன் செய்துவிட்டு, விளக்கு, ஃபேன் இரண்டை மட்டும் அதன் கையில் கொடுங்கள். மோட்டார், கீசர், கதவுப் பூட்டு கூடாது. அது தயங்காமல் தப்பு செய்யும்.

மோட்டாருக்கு மட்டும் கூடுதலாக: எந்த மதிப்பெண் வந்தாலும் திருப்பிக் கேட்ட பிறகே ஓட வேண்டும், இருபது நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். சம்ப்பில் வைகைத் தண்ணி வராத நாளில் காய்ந்து ஓடினால் பம்பின் சீல் போய்விடும். ஸ்மார்ட் ரிலே மோட்டாரை நேராக இயக்கக் கூடாது, கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அறிகுறி: எண்கள் மாறுகின்றன

அம்பது, எம்பது, ஒம்பது. 50, 80, 9. முதல் எழுத்துதான் வேறு, அதுவும் துண்டிக்கும் இடத்தில் மாட்டினால் போயிற்று. எண்ணுக்கு ஃபஸ்ஸி வைக்கவே வேண்டாம். ஏசிக்கு 22 முதல் 28 வரை ஏழே மதிப்பைப் பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வரும் வடிவங்களை எழுதுங்கள்: இருபத்தி நாலு, இருபத்துநாலு, இருபத்தி நான்கு, 24. ஃபேன் வேகத்துக்கு ஒண்ணு முதல் அஞ்சு வரை: மூணு, மூனு, மூன்று, 3. விளக்கின் வெளிச்சத்துக்குச் சதவீதம் கேட்பதைவிட “கொஞ்சம் குறை”, “பாதி”, “முழுசா” என்று மூன்று சொல் வைத்தால் யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

அறிகுறி: ஒருவர் குரல் மட்டும் எடுபடவில்லை

அவர் பதிவுகளைத் தனியாகக் கேளுங்கள். சத்தம் குறைவு என்றால் அவர் உட்காரும் இடத்துக்கு ஒரு மைக். சத்தம் சரி, எழுத்து மட்டும் விசித்திரம் என்றால் அந்த விசித்திரத்தையே அலியாஸ் ஆக்குங்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களில் இது நன்றாகவே உதவும். அவர்கள் சொல்லும் பெயரைத் தமிழ் மாடல் தனக்குத் தெரிந்த எழுத்தில் ஏதோ ஒன்றாக எழுதும். மூன்று முறை ஒரே மாதிரி எழுதினால் அதைப் பெயராகவே சேர்க்கலாம். வினைச்சொல் என்றால் மட்டும், எதிர் வினை எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எக்கோ, நெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு

இந்த ஸ்பீக்கர்களின் மொழிப் பட்டியலில் நமக்குக் கிடைப்பது ஆங்கிலமும் இந்தியும். தமிழ்ப் பெயர் வைத்தால் அதை ஆங்கிலச் சொல்லாகக் கேட்டுக் குழம்பும். இரண்டு, மூன்று அசையுள்ள, ஒன்றோடொன்று ஒலியில் மோதாத ஆங்கிலப் பெயர் வையுங்கள். அலெக்சா ஆப்பில் பிரைவசி பகுதியிலுள்ள வாய்ஸ் ஹிஸ்டரியைப் பார்த்து, தப்பாகக் கேட்ட சொற்றொடரையே ஒரு ரொட்டீனின் தொடக்கச் சொல்லாகப் போட்டுவிடலாம். கூகுளில் மை ஆக்டிவிட்டி பக்கம் அதே வேலைக்கு. ஃபஸ்ஸி விளையாட்டுக்கு இவற்றில் இடமில்லை.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு எதுவுமே கேட்பதில்லை

இது கேட்கும் கோளாறே இல்லை. இன்வெர்ட்டர் மாறும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று, சர்வருக்கு ரவுட்டரில் நிலையான ஐபி. மோட்டார் ரிலேயின் பவர்ஆன் நிலையை ஆஃப் என்று வைத்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஓட்ட வேண்டிய சோதனை

சேர்ந்த வேவ் கோப்புகளில் முப்பதைப் பொறுக்கி எடுங்கள்: வீட்டில் எல்லார் குரலும், ஃபேன் ஓடும்போது சொன்னவையும், “போடாதே” வகையில் ஐந்தாறும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய கட்டளையைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாடல், பிராம்ப்ட், மதிப்பெண் எல்லை எதைத் தொட்டாலும் இந்த முப்பதையும் மறுபடி ஓட்டுங்கள். புரியவில்லை என்று வந்தவற்றைத் தனியாகவும், தப்பான வேலை செய்தவற்றைத் தனியாகவும் எண்ணுங்கள். முதலாவது இரண்டு கூடினாலும் பொறுக்கலாம். இரண்டாவது ஒன்று கூடினால்கூட மாற்றியதைத் திருப்பிவிடுங்கள். முப்பதை எடுத்த பிறகு டீபக் ரெக்கார்டிங் வரியை நீக்கி, மீதிப் பதிவுகளை அழித்துவிடுங்கள். வீட்டுப் பேச்சு முழுவதும் அந்த ஃபோல்டரில் இருக்கிறது, எஸ்டி கார்டும் நிறையும்.